ஸ்ராட் ஆகாத வாகனம்: பழுதைத் தேடும் ஒழுங்கு

நமது கிராமங்களிலே வாகனம் என்பது ஆடம்பரப் பொருளன்று. அதிகாலையில் மரக்கறியைச் சந்தைக்குக் கொண்டு செல்லும் பழைய வான்தான் ஏழு மணிக்குப் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்கிறது. இரவிலே ஒரு தாய்க்குப் பிரசவ வேதனை தொடங்கினால் அயலவர்கள் தேடி ஓடுவதும் அந்த வானின் சாரதியையே. அது ஒருநாள் ஸ்ராட் ஆகாவிட்டால் நட்டம் உரிமையாளருக்கு மட்டும் உரியதன்று. சந்தை தவறிய கத்தரிக்காய் மறுநாள் பாதி விலைக்கும் போகாது.

2020ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025ஆம் ஆண்டிலேயே மீண்டும் வழி திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் எல்லோரும் இருந்த வாகனத்தையே திருத்தித் திருத்தி ஓட்டினர். பழைய வாகனங்களின் விலை ஏறியது. உதிரிப்பாகங்களின் விலையும் ஏறியது. ஆகவே, பழுது எங்கே என்று அறியாமல் பாகங்களை மாற்றுவது ஓர் ஏழைக் குடும்பத்தைக் கடனில் தள்ளிவிடக்கூடிய செயலாகும். மெக்கானிக்கின் வேலையை நாமே செய்துவிட வேண்டும் என்பது இப்பாடத்தின் நோக்கமன்று. மெக்கானிக்கிடம் போகுமுன்னர் பழுது எந்தப் பகுதியில் உள்ளது என்று நாமே அறிந்துகொள்ள வேண்டும் என்பதே இதன் நோக்கமாகும்.

1. பார், ஆராய், செயற்படு

வாகனம் நின்றுவிட்டால் நடப்பதை நாம் அறிவோம். பொனற்றைத் திறந்தவுடன் சுற்றி நிற்பவர்கள் அனைவரும் வைத்தியர்கள் ஆகிவிடுகின்றனர். "பற்றறி போச்சு" என்பார் ஒருவர். "பிளக்கைக் கழற்றுங்கோ" என்பார் மற்றவர். "தள்ளிப் பார்ப்பம்" என்பார் மூன்றாமவர். எவரும் முதலில் சாரதியிடம் ஒரு கேள்விதானும் கேட்பதில்லை.

இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தை ஆரம்பித்த பெல்ஜிய நாட்டுக் குருவானவர் யோசேப் கார்டைன், தொழிலாளர் இளைஞருக்குக் கற்பித்த முறை பார்த்தல், ஆராய்தல், செயற்படல் என்ற மூன்று படிகளைக் கொண்டது. திருத்தந்தை 23ஆம் அருளப்பர் 1961ஆம் ஆண்டு வெளியிட்ட 'மாத்தேர் எத் மாஜிஸ்த்ரா' என்னும் சுற்றுமடலில் இம்முறையை ஏற்றுப் பரிந்துரைத்தார். சமூகப் பிரச்சினைகளுக்காக வகுக்கப்பட்ட இந்த ஒழுங்கு எஞ்சினுக்கும் பொருந்தும். மூன்றாம் படியிலிருந்து தொடங்குபவரே பணத்தை இழக்கிறார்.

எனவே முதலில் கேட்கவேண்டியவை: கடைசியாக எப்போது ஓடியது? நின்றபோது திடீரென நின்றதா, இழுத்து இழுத்து நின்றதா? நேற்று மழையில் நனைந்ததா? அண்மையில் எவராவது எதையாவது கழற்றிப் பூட்டினாரா? எரிபொருள் எங்கே அடிக்கப்பட்டது? பழுதுகளிற் பல இக்கேள்விகளிலேயே பாதி வெளிப்பட்டுவிடும். குறிப்பாக, நேற்று ஒருவர் கைவைத்த இடத்தையே இன்று முதலிற் பார்க்கவேண்டும்.

2. எஞ்சினுக்கு வேண்டியவை

பெற்றோல் எஞ்சின் ஒன்று ஸ்ராட் ஆவதற்கு நான்கு தேவைகள் உள்ளன. ஸ்ராட்டர் மோட்டார் எஞ்சினைப் போதிய வேகத்திற் சுற்ற வேண்டும். காற்றும் பெற்றோல் ஆவியும் சரியான அளவிற் கலந்து சிலிண்டருக்குள் போக வேண்டும். பிஸ்ரன் அக்கலவையை நன்கு அமுக்க வேண்டும். சரியான நேரத்திலே பிளக்கில் தீப்பொறி பாய வேண்டும். இந்நான்கும் இருந்தால் எஞ்சின் ஸ்ராட் ஆகியே தீரும். ஆகவில்லையென்றால் நான்கில் ஒன்றாவது இல்லை என்பது பொருள். எது இல்லை என்பதை ஒவ்வொன்றாக நீக்கிக் கண்டுபிடிப்பதே நமது வேலை.

இதற்குத் தேவையான கருவிகள் அதிகமில்லை: சில ஸ்பனர்கள், பிளக் ஸ்பனர், திருப்புளி, காவலிடப்பட்ட குறடு, அரத்தாள், உலர்ந்த துணி, ஒரு சோதனை விளக்கு. சோதனை விளக்கு என்பது 12 வோல்ற் சிறு பல்ப் ஒன்றில் இரண்டு வயர்களைப் பொருத்திச் செய்வது. மின் அளக்கும் மீற்றர் ஒன்று இருந்தால் மேலும் நல்லது.

3. முதற் கேள்வி: எஞ்சின் சுற்றுகிறதா?

முன் விளக்கை எரியவிட்டுத் திறப்பைத் திருப்புங்கள். விளக்கைக் கவனியுங்கள், சத்தத்தைக் கேளுங்கள்.

அ. விளக்கு எரியவே இல்லை, சத்தமும் இல்லை: பற்றறி முற்றாக இறங்கியுள்ளது, அல்லது பற்றறி முனைகளில் ஒன்று கழன்றுள்ளது, அல்லது பிரதான பியூஸ் போய்விட்டது.

ஆ. விளக்கு எரிகிறது, திறப்பைத் திருப்பியதும் மங்கிப்போய் "டிக்" என்ற சத்தம் மட்டும் கேட்கிறது: பற்றறி பலவீனமானது, அல்லது முனைகளும் வயர்களும் சரியாகத் தொடவில்லை.

இ. விளக்கு மங்காமல் எரிகிறது, ஆனால் சத்தமே இல்லை: மின் ஸ்ராட்டரைச் சென்றடையவில்லை. திறப்புச் சுவிச், அதிலிருந்து செல்லும் மெல்லிய வயர், ஸ்ராட்டர் சொலினோயிட் என்பவற்றைப் பாருங்கள். தானியங்கிக் கியர் வாகனமாயின் கியர் நடுநிலையில் அல்லது தரிப்பு நிலையில் உள்ளதா என முதலிற் பாருங்கள்.

ஈ. எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லை: பற்றறியையும் ஸ்ராட்டரையும் மறந்துவிடுங்கள். குறை தீப்பொறியில் அல்லது எரிபொருளில் உள்ளது.

உ. எஞ்சின் வழமையைவிட வேகமாகவும் இலகுவாகவும் பாரமின்றிச் சுற்றுகிறது: அமுக்கம் இல்லை. ரைமிங் பெல்ற் உள்ள எஞ்சினில் அது அறுந்திருக்கலாம். மேலும் சுற்றினால் வால்வுகள் வளையக்கூடும். உடனே நிறுத்தி மெக்கானிக்கை அழையுங்கள்.

எந்நிலையிலும் ஒரே தடவையில் பத்து விநாடிக்கு மேல் ஸ்ராட்டரைச் சுற்றவேண்டாம். ஒரு நிமிடம் ஆறவிட்டு மீண்டும் முயலுங்கள். இல்லாவிடில் ஒரு பழுதோடு வந்த வாகனம் இரண்டு பழுதோடு நிற்கும்.

4. பற்றறியும் பூமி வயரும்

12 வோல்ற் பற்றறியில் ஆறு அறைகள் உள்ளன. நன்கு ஏற்றப்பட்ட பற்றறி, ஓய்விலிருக்கும்போது ஏறத்தாழ 12.6 வோல்ற் காட்டும். 12.2 என்றால் பாதியளவே மின் உள்ளது. 12க்குக் கீழே போனால் இறங்கிவிட்டது எனலாம். எஞ்சினைச் சுற்றும்போது 9.6 வோல்ற்றுக்குக் கீழே விழுந்தால் பற்றறியைச் சந்தேகிக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது ஏறத்தாழ 13.8 முதல் 14.4 வரை காட்டவேண்டும். அவ்வாறு காட்டாவிடின் பற்றறியிற் குறையில்லை, மின் ஏற்றும் அல்ரனேற்றரிலேயே குறை உள்ளது. இதைப் பாராமல் புதுப் பற்றறி வாங்கியவர்கள் சில நாட்களில் அதே இடத்தில் நிற்பர்.

முனைகளிற் பூத்திருக்கும் வெண்பச்சை நிறத் தூளைச் சுடுநீரில் கரைத்த அப்பச்சோடாவினால் கழுவி, அரத்தாளால் தேய்த்துப் பிரகாசமாக்கி, இறுக்கிப் பூட்டி, மேலே சிறிது கிறீஸ் பூசவேண்டும். சோடா நீர் பற்றறி அறைகளுக்குள் போகக்கூடாது. வயர்களைக் கழற்றும்போது பூமி வயரை முதலிலும் பூட்டும்போது அதைக் கடைசியிலும் கையாளவேண்டும். அறைகளில் நீர் குறைந்தால் காய்ச்சி வடித்த நீரையே விடவேண்டும். சுண்ணக்கல் நிலத்துக் கிணற்று நீரில் உப்புகள் கரைந்துள்ளன. அவை தகடுகளைக் கெடுத்துவிடும். பற்றறியிலிருந்து எரியக்கூடிய வாயு வெளியேறுவதால் அருகில் பீடி, சிகரெட், விளக்கு எதுவும் ஆகாது.

பலரும் கவனியாதது பூமி வயர். பற்றறியின் ஒரு முனையிலிருந்து வாகன உடலுக்கும் எஞ்சினுக்கும் போகும் தடித்த வயர் அது. ஒரு சாரதியை எடுத்துக்கொள்வோம். அவரது வான் "டிக்" என்ற சத்தத்தோடு நின்றுவிடுகிறது. வட்டிக்குப் பணம் வாங்கிப் புதுப் பற்றறி போடுகிறார், பயனில்லை. ஸ்ராட்டரைக் கழற்றித் திருத்துகிறார், பயனில்லை. இறுதியில் எஞ்சினோடு பூட்டப்பட்ட பூமி வயரின் முனை துருப்பிடித்து, நூல் நூலாக அறுந்திருப்பது தெரிகிறது. சில நூறு ரூபாவோடு முடிந்திருக்கவேண்டிய வேலை பல பத்தாயிரங்களை விழுங்கிவிட்டது. இதைச் சோதிக்க ஐந்து நிமிடம் போதும். பற்றறியின் பூமி முனையிலிருந்து எஞ்சினின் சுத்தமான உலோகப் பகுதிக்கு ஒரு தடித்த ஜம்பர் வயரைப் பிடித்துக்கொண்டு ஸ்ராட் செய்யுங்கள். எஞ்சின் சுற்றினால் குற்றவாளி பூமி வயரே.

வேறொரு வாகனத்திலிருந்து மின் எடுக்கும்போது நேர்முனையை நேர்முனையோடு இணையுங்கள். அடுத்து, உதவும் வாகனத்தின் எதிர்முனையில் மற்ற வயரைப் பொருத்தி, அதன் மறுநுனியைக் கடைசியாக, நின்ற வாகனத்தின் எஞ்சின் உலோகத்தில், பற்றறியிலிருந்து தள்ளி இணையுங்கள். 24 வோல்ற் லொறியிலிருந்து 12 வோல்ற் வாகனத்துக்கு எடுக்கவே கூடாது. பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்களிற் பல, நேர்முனை பூமியாக அமைக்கப்பட்டவை. அவற்றிலே எந்த முனை உடலோடு இணைந்துள்ளது என்பதைப் பார்க்காமல் எதையும் இணைக்கவேண்டாம்.

5. தீப்பொறி

எஞ்சின் நன்கு சுற்றியும் பற்றாவிடின் முதலில் தீப்பொறியைப் பாருங்கள். பொயின்ற் உள்ள பழைய எஞ்சினில் ஒரு பிளக்கைக் கழற்றி, வயரில் மீண்டும் மாட்டி, அதன் உலோக உடல் எஞ்சினைத் தொடுமாறு வைத்து, வயரைக் காவலிட்ட குறடால் பிடித்துக்கொண்டு சுற்றச் சொல்லுங்கள். பெற்றோல் சிந்திய இடத்தில் இதைச் செய்யவேண்டாம். நீல நிறத்தில் "டக் டக்" என்று பாய்ந்தால் நல்லது. மஞ்சளாக, மெலிதாகப் பாய்ந்தால் பலவீனம். பாயவே இல்லையென்றால் பின்னோக்கிச் செல்லுங்கள்: பிளக் வயர், டிஸ்ரிபியூற்றர் மூடி, றோட்டர், பொயின்ற், கொண்டன்சர், கொயில்.

மாரி காலத்தில் வரும் பழுதுகளிற் பெரும்பாலானவை ஈரத்தினால் ஏற்படுபவை. டிஸ்ரிபியூற்றர் மூடியைக் கழற்றி உள்ளும் புறமும் உலர்ந்த துணியால் துடையுங்கள். மூடியின் உட்புறத்தில் மயிர்போன்ற கரிய கோடு தெரிந்தால் மின் அவ்வழியாகக் கசிகிறது, மூடியை மாற்றவேண்டும். பொயின்ற் கருகியிருந்தால் அரத்தாளால் மெதுவாகத் தேய்த்து, இடைவெளியைச் சரிசெய்யுங்கள். மொறிஸ் மைனரில் பொயின்ற் இடைவெளி ஏறத்தாழ 0.4 மி.மீ., பிளக் இடைவெளி ஏறத்தாழ 0.6 மி.மீ. ஆகும்.

கழற்றிய பிளக்கையும் வாசிக்கப் பழகுங்கள். நோயாளியின் நாக்கைப் பார்க்கும் வைத்தியர்போல, பிளக்கின் நுனியைப் பார்த்து உள்நிலையை அறியலாம். இளம் கபில நிறமானால் எல்லாம் சரி. கரிப்புகை படிந்திருந்தால் பெற்றோல் மிகுதி. பெற்றோலில் நனைந்திருந்தால் தீப்பொறி இல்லை, அல்லது சோக்கை அதிகம் இழுத்துப் பெற்றோல் நிரம்பிவிட்டது. காய்ந்திருந்தால் பெற்றோல் வரவே இல்லை. நிரம்பிவிட்டதாயின் சோக்கை உள்ளே தள்ளி, கால்மணி நேரம் பொறுத்து, அக்சிலேற்றரை முழுதாக அழுத்தியபடி சுற்றுங்கள்.

எலக்ரோனிக் முறையில் தீப்பொறி எழுப்பும் புதிய வாகனங்களில் இவ்வாறு பிளக் வயரைக் கழற்றிச் சோதிப்பது ஆபத்தானது. விலையுயர்ந்த பாகங்கள் எரிந்துபோகலாம், மின்தாக்கமும் கடுமையானது.

6. எரிபொருள்

தீப்பொறி நன்றாக உள்ளதாயின், மீதி எரிபொருள். முதலில் தாங்கியைப் பாருங்கள். அளவுகாட்டி பொய் சொல்லலாம். சுத்தமான குச்சி பொய் சொல்லாது. பழைய மொறிஸ் மைனரில் திறப்பைப் போட்டதும் பெற்றோல் பம் "டிக் டிக்" என்று அடித்து நிற்கும். சத்தமே இல்லாவிடின் அதன் பொயின்ற் ஒட்டியிருக்கலாம். மெதுவாகத் தட்டினால் தற்காலிகமாக வேலை செய்யும். காபரேற்றருக்குப் போகும் குழாயைக் கழற்றி ஒரு போத்தலுக்குள் விட்டுப் பாருங்கள். பெற்றோல் வராவிடின் பில்ரர், குழாய், பம், தாங்கி மூடியின் காற்றுத் துவாரம் என்ற ஒழுங்கிற் பின்னோக்கிச் செல்லுங்கள். போத்தலின் அடியில் தண்ணீர் தனியே தங்கினால் தாங்கியைக் கழுவவேண்டும். 2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது பலர் கலன்களில் சேர்த்துவைத்தனர். மாதக்கணக்கில் வைத்த பெற்றோலின் இலகுவில் ஆவியாகும் பகுதி போய்விடும்; மிஞ்சுவது பிசினாகிக் காபரேற்றரின் நுண்துளைகளை அடைக்கும்.

1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் கொண்டுவரத் தடை இருந்த காலத்தில், ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு ஸ்ராட் செய்து, எஞ்சின் சூடேறிய பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினர். ஏன் அவ்வாறு? குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, ஆவியாகாதது பற்றாது. எஞ்சின் சூடேறியபின் ஆவியாகிறது. அமுக்க விகிதம் குறைந்த பழைய எஞ்சின்கள் அதைத் தாங்கின. ஆயினும் எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டி எஞ்சின் ஒயிலில் கலந்து அதை நீர்த்துப்போகச் செய்தது. வேறு வழியற்ற நாளில் நம் மக்கள் கண்ட வழி அது, இன்று பின்பற்றத்தக்கதன்று.

அதே உத்தி சோதனைக்கு மட்டும் உதவும். சில துளி பெற்றோலைக் காபரேற்றர் வாய்க்குள் விட்டு, போத்தலைத் தூர வைத்து, முகத்தை விலக்கிக்கொண்டு ஸ்ராட் செய்யுங்கள். இரண்டு விநாடி ஓடி நின்றால் தீப்பொறி சரி, எரிபொருள் வரவில்லை என்பது உறுதி. காபரேற்றர் வழியாகத் தீ பாயக்கூடும் ஆதலால் ஈரச் சாக்கு ஒன்றை அருகில் வைத்திருங்கள்.

7. டீசல் எஞ்சின்

வான்களும் இரு சக்கர உழவு இயந்திரங்களும் பெரும்பாலும் டீசலில் ஓடுபவை. இங்கே பிளக் தீப்பொறி இல்லை. காற்றை மிகக் கடுமையாக அமுக்கும்போது எழும் வெப்பத்திலேயே டீசல் பற்றுகிறது. ஆகவே மெதுவாகச் சுற்றும் டீசல் எஞ்சின் பற்றாது; பற்றறி நன்றாக இருக்கவேண்டும். குளோ பிளக் உள்ள எஞ்சினில், மீற்றர் பலகையிற் சுருள்போன்ற விளக்கு அணையும்வரை பொறுத்தே ஸ்ராட் செய்யவேண்டும்.

டீசல் முற்றாகத் தீர்ந்து மீண்டும் நிரப்பிய வாகனம் ஸ்ராட் ஆகாததற்குக் காரணம் குழாய்க்குள் புகுந்த காற்று. பழைய எஞ்சினில் பில்ரரின் காற்று நீக்கும் திருகைச் சிறிது தளர்த்தி, கைப் பம்பை அழுத்துங்கள். குமிழி இல்லாத டீசல் வரும்வரை அழுத்தி, அது வடியும்போதே திருகை இறுக்குங்கள். பில்ரரின் அடியிற் தேங்கிய தண்ணீரையும் வடியவிடுங்கள். ஆனால், புதிய உயர் அமுக்க டீசல் வாகனங்களின் இன்ஜெக்டர் குழாய்களைத் தளர்த்தவே வேண்டாம். அதிலிருந்து பாயும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும்.

கைபிடி போட்டுச் சுற்றும் எஞ்சினில் பெருவிரலைக் கைபிடியைச் சுற்றி வளைக்காமல், மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்துப் பிடியுங்கள். எஞ்சின் திருப்பி அடித்தால் விரலும் மணிக்கட்டும் தப்பும்.

8. எல்லை எது?

திறப்பு வடிவ விளக்கு விடாமல் மின்னினால், வாகனம் தன் திறப்பை அடையாளம் காணவில்லை என்பது பொருள். மற்றத் திறப்பால் முயன்று பாருங்கள். ஹைபிரிட் வாகனங்களிலும் 12 வோல்ற் சிறு பற்றறி ஒன்று உண்டு. அது இறங்கினாலும் வாகனம் உயிர்பெறாது. ஆனால் செம்மஞ்சள் நிற வயர்களைத் தொடக்கூடாது. அவற்றிலுள்ள மின் ஆளைக் கொல்லும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்லவேண்டும். வாகனத்தில் நோயாளி இருந்தால் இப்பாடம் எதுவும் வேண்டாம். உடனே 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்; சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். அதற்கிடையில் அயலிலுள்ள வேறு வாகனத்தையும் தேடுங்கள். பொனற்றைப் பிறகு திறக்கலாம்.

9. கிராமத்திலே செய்யக்கூடியவை

அறிவு ஒருவரிடம் மட்டும் தங்கியிருந்தால் மற்றவர்கள் அவரிடம் தங்கியிருக்க நேரிடும். நேர்மையான மெக்கானிக் இதைக் கற்ற வாடிக்கையாளரைக் கண்டு அஞ்சமாட்டார். அவரது வேலை இலகுவாகும். "வான் நிக்குது, பாருங்கோ" என்று சொல்வதற்கும், "எஞ்சின் நல்லாய்ச் சுற்றுது, தீப்பொறி இருக்கு, டீசல் வரேல்லை" என்று சொல்வதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. இரண்டாமவரிடம் தேவையற்ற பாகத்தை எவரும் விற்கமுடியாது. மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குவதும், விலைச்சீட்டைப் பேணுவதும் நமது உரிமை.

அன்பியக் குழுக்களும் இளைஞர் ஒன்றியங்களும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் பின்வருவனவற்றைக் கலந்துரையாடிச் செயற்படலாம்:

1. நமது ஊரில் இரவிலே அவசரத்துக்கு உதவக்கூடிய வாகனங்கள் எத்தனை? அவற்றின் பற்றறி, பூமி வயர், ரயர் என்பன மாரிக்கு முன்னர் சோதிக்கப்பட்டனவா?

2. ஜம்பர் வயர், மீற்றர், பிளக் ஸ்பனர், சோதனை விளக்கு அடங்கிய பொதுக் கருவிப் பெட்டி ஒன்றை வைத்திருக்க முடியுமா? அதற்குப் பொறுப்பு யார்?

3. ஒவ்வொரு வாகனத்திலும் ஒரு கொப்பி வைத்து, பழுது வந்த நாள், கண்ட அறிகுறி, மாற்றிய பாகம், செலவு என்பவற்றை எழுதிவருவோமா?

4. அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரை அழைத்து, ஒரு சனிக்கிழமை பிற்பகலில் ஆண்களும் பெண்களுமாகப் பத்துப் பேர் பழகிக்கொள்ள ஒழுங்கு செய்வோமா? கணவர் வெளியூரில் இருக்கும்போது வாகனத்தோடு தனியே நிற்பவர் பெரும்பாலும் மனைவியே என்பதை மறக்கவேண்டாம்.

நான்காவதை முதலிற் செய்வது நன்று. ஒரு பழைய வானும், பொறுமையுள்ள ஓர் ஆசிரியரும், இப்பக்கமும் போதும்.